மாத்திரையும் வேலப்பர் விபூதியும்

என் வீட்டுக்காரருக்குக் காசநோய் என்று தெரிந்த சமயத்தில் கொடைக்கானல் மலையில் இருக்கும் எங்கள் பூம்பாறையில் பூண்டு அறுவடை நடந்துகொண்டிருந்தது. மலைப்பூண்டைக் கட்டுக்கட்டாகத் தொங்கவிட்டு அடியில் புகை போட்டு வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அப்படி வைத்தால்தான் விதைக்குக் கெடாமல் நிற்கும். இருமலுக்குக் காரணம் அந்தப் புகைதான் என்று சொல்லி ஒரு கிளினிக்கில் டானிக் கொடுத்து அனுப்பினார்கள். ஆனால் பொழுது சாய்ந்தால் காய்ச்சல் வந்தது, ஆளும் இளைத்துக்கொண்டே போனார். கடைசியில் அரசு ஆஸ்பத்திரியில் சளி எடுத்துப் பார்த்துச் சொன்னார்கள்.

அன்றைக்கு நேராகக் குழந்தை வேலப்பர் கோவிலுக்குப் போனேன். அருணகிரிநாதர் இங்கே தூங்கிக்கொண்டிருந்தபோது ஒரு ராட்சசி கொல்ல வந்தாளாம். முருகன் குழந்தையாகி அவர் மேல் விளையாடவும், தாயும் பிள்ளையும் என்று நினைத்து அவள் திரும்பிப் போய்விட்டாளாம். சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான். அன்று அந்தச் சன்னதியில் நின்றபோது, "என் வீட்டிலும் வந்து படுத்துக்கொள்ளப்பா" என்று வாய்விட்டு அழுதேன்.

சிகிச்சை ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அப்புறம் நான்கு மாதம் மூன்று மருந்துகள். எடைக்குத் தக்கபடி மாத்திரை எண்ணிக்கை. எல்லாம் இலவசம், சத்துணவுக்கு என்று மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும் என்றார்கள். வீட்டில் எல்லாரையும் பரிசோதித்தார்கள். சின்னவளுக்கு நோய் இல்லை. ஆனாலும் ஐந்து வயதுக்குக் கீழே என்பதால் அவளுக்கும் தடுப்பு மருந்து தொடங்கினார்கள்.

முதல் சில வாரங்கள்தான் கொடுமை. மாத்திரை உள்ளே போனதும் குமட்டும். சிறுநீர் செம்மஞ்சளாகப் போனதைப் பார்த்து ரத்தம் என்று பயந்துவிட்டார். அது மருந்தின் நிறம், பயப்பட ஒன்றுமில்லை என்று நர்ஸம்மா சொன்ன பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தார். காலையில் விளக்கேற்றி, அவர் நெற்றியில் விபூதி பூசிவிட்டு, அங்கேயே மாத்திரையைக் கையில் கொடுப்பேன். பெரிய வரம் எதுவும் கேட்கவில்லை. "முருகா, இன்றைக்கு இந்த மருந்து இவர் வயிற்றில் தங்கட்டும்." அவ்வளவுதான் வேண்டுதல். மறுநாள் காலையிலும் அதேதான். ஆறு மாதத்தை மொத்தமாக நினைத்தால் நெஞ்சு அடைக்கும். ஒரு நாளைக்கு மட்டும் கேட்டால் மனசு தாங்கியது.

சொந்தத்தில் ஒருவர் வந்து, "மலை ஏறிப் பழனி விபூதியைத் தின்னச் சொல், இந்த மாத்திரையெல்லாம் உடம்பைக் கெடுத்துவிடும்" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பழனி ஆண்டவரே நவபாஷாணத்தில், அதாவது ஒன்பது பாஷாணம் சேர்த்த கட்டில், போகர் என்ற சித்தர் கையால் மருந்தாக நிற்பவர் என்றுதானே கும்பிடுகிறோம்? அப்பேர்ப்பட்ட சாமி மருந்தை விடு என்று சொல்வாரா? அந்த மாத்திரையை அவர்தான் அனுப்பினார் என்று நான் முழுசாக நம்பினேன், இன்றும் நம்புகிறேன்.

இருமலும் காய்ச்சலும் அடங்கியதும் இன்னொரு சோதனை வந்தது. "எனக்குத்தான் சரியாகிவிட்டதே, எதற்கு இன்னும்?" என்று மாத்திரையைத் தள்ளி வைத்தார். நடுவில் நிறுத்தினால் மிச்சக் கிருமி மருந்துக்கு அடங்காததாகிவிடும், அப்புறம் சிகிச்சை இதைவிட நீளம் என்று நர்ஸம்மா எடுத்துச் சொல்லியும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோவிலுக்குக் கூட்டிப்போய், கடைசி மாத்திரை வரை விழுங்குவேன் என்று வேலப்பர் முன்னால் சத்தியம் வாங்கினேன். அதற்குப் பிறகு நான் தோட்டத்தில் இருந்தால்கூட அவரே எடுத்துப் போட்டுக்கொண்டார்.

பணக் கஷ்டத்தைப் பற்றி என்ன சொல்ல? விதைக்கு வைத்த பூண்டில் பாதியை விற்றோம். பக்கத்துத் தோட்டத்து அக்கா கேட்காமலேயே முட்டை கொடுத்தனுப்புவார். அவர் வேதக்காரர். சலேத் மாதாவிடம் எங்களுக்காக ஜெபித்ததாகப் பின்னால்தான் சொன்னார்.

மருந்து முடிந்ததும் எடுத்த சளியில் கிருமி இல்லை. பழனிக்கு நடந்தே வருவதாக அவர் நேர்ந்திருந்தார். நுரையீரல் இன்னும் தேறட்டும், இந்த வருஷம் பஸ்ஸில் போங்கள் என்றார் டாக்டர். சரி என்று பஸ்ஸிலேயே போய் முடி இறக்கிவிட்டு வந்தோம். நடைப்பயணம் அடுத்த தைப்பூசத்துக்கு.