ஏற்காட்டு வீட்டுக்கு ஒரு மஞ்சள்

மலேசியாவின் ஈப்போவில் பிறந்து வளர்ந்த எனக்குக் குளிர்காலம் என்ற ஒன்றே தெரியாது. கல்யாணமாகி ஏற்காட்டுக்கு வந்ததோ மார்கழியில். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வீட்டுக்குள் நுழைந்தபோது பிற்பகல் மூன்று மணி. உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மறுநாள் காலை அத்தையிடம், "பசியாறிட்டீங்களா?" என்று எங்கள் ஊர் வழக்கப்படி கேட்டேன். "சாப்புட்டாச்சான்னு கேக்கறயா கண்ணு?" என்றார். பேச்சு சில மாதங்களில் பழகிவிட்டது. அந்த வீட்டின் வெளிச்சம்தான் பழகவே இல்லை.

முன்னறை வடக்குப் பார்த்தது. சன்னலுக்கு வெளியே காபித் தோட்டத்துக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்கள். சுவர்களில் வருடாவருடம் பொங்கலுக்கு அடித்த சுண்ணாம்பு, அதில் பளிச்சென்று தெரிய நீலம் வேறு கலந்திருப்பார்கள். வெயில் கொட்டும் சேலத்தில் அந்த வெள்ளை கண்ணுக்குக் குளிர்ச்சி. பனிமூட்டம் இறங்கிய மலையில் அது சாம்பலும் நீலமுமாக, இன்னும் குளிரத்தான் வைத்தது.

மூன்றாம் வருடம் பங்குனியில், சுவர் நன்றாகக் காய்ந்திருந்த சமயம், வெளிர் மஞ்சள் அடிக்கலாம் என்று சொன்னேன். மலேசியாவில் மஞ்சள் அரச குடும்பத்து நிறம். ஆனால் என் மனத்தில் இருந்தது அது இல்லை. அம்மா வீட்டுக் கூடத்தில் மாலை நேரம் விழும் வெயில்.

ஷேடு கார்டில் பிடித்ததை வாங்கி ஒரு சுவர் முழுக்க அடித்தோம். "கல்யாணப் பந்தலாட்டம் இருக்குதே கண்ணு," என்றார் அத்தை. அவர் சொன்னது சரிதான். சிறு அட்டையில் சாதுவாகத் தெரியும் மஞ்சள், சுவருக்கு வந்ததும் ஏறிவிடும். நாலு சுவரின் நிறமும் ஒன்றின் மேல் ஒன்று பட்டுத் தெறிக்கும்போது இன்னும் ஏறும். பெயின்டர் அண்ணன் இரண்டு படி வெளிறிய நிறங்கள் மூன்றைக் கொண்டுவந்து, செய்தித்தாள் அகலத்துக்குப் பட்டை பட்டையாக அடித்துவிட்டுப் போனார். காலை, மதியம், விளக்கு வைத்த பிறகு என்று நான்கு நாள் பார்த்தேன். ஒன்று இரவில் பச்சையடித்தது. குற்றம் நிறத்தில் இல்லை, வெள்ளை டியூப் லைட்டில். அதைக் கழற்றி மஞ்சள் ஒளி தரும் எல்.இ.டி. போட்டோம். கடைசியில் நின்றது, வெண்ணெய் உருகத் தொடங்கும்போது இருக்கும் நிறம்.

அவசரப்பட்டிருந்தால் எல்லாம் வீணாகியிருக்கும். சுண்ணாம்பின் மேல் எமல்ஷன் பெயின்ட் நிற்காது, பொருக்குப் பொருக்காக உரிந்துவிடும். பழையதை முழுக்கச் சுரண்டி, பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, அதன் மேல்தான் இரண்டு கோட்டிங். சுரண்டச் சுரண்ட வெள்ளைக்கு அடியில் ஒரு நீலம், அதற்கும் அடியில் இன்னொரு வெள்ளை. அத்தை ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து, எந்தப் பொங்கலுக்கு அடித்தது என்று சொல்லிக்கொண்டே வந்தார். மேற்கூரையை வெள்ளையாகவே விட்டோம். சிவப்பு ஆக்சைடு தரைக்கும் அந்த மஞ்சளுக்கும் அப்படியொரு பொருத்தம்!

ஐப்பசி மூட்டத்தில் ஒருநாள் அம்மா வீடியோவில் அழைத்தார். என் பின்னால் இருந்த சுவரைப் பார்த்து, "அங்க வெயிலா?" என்றார். வெளியே பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை.

இன்னும் சமையலறை பாக்கி. அடிச்சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது, அதைச் சரிசெய்யாமல் தொடக்கூடாது. மிச்ச பெயின்டை இறுக மூடி அத்தையின் கட்டிலடியில் வைத்திருக்கிறோம்.