சீல் கரைந்த துண்டு

போன கிழமை மகளின் பிறப்புச் சான்றிதழ் கைக்கு வந்துவிட்டது. அவளுக்கு இப்போது, 2014 மேயில், ஐந்து வயதும் இரண்டு மாதமும். தரம் 1 விண்ணப்பம் முடிய ஒரு மாதம் இருக்கும்போது வந்தது, அதுவும் எட்டாவது தடவை ஏறி இறங்கியபோது. 2009இல், யுத்தத்தின் கடைசி மாதங்களில், வன்னிக்குள் பிள்ளை பெற்று இன்னும் பதியாமல் இருக்கிறவர்கள் எனக்குத் தெரிந்தே நாலைந்து பேர். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். கோபமும் இன்னும் ஆறவில்லை, அதுவும் சேர்ந்துதான் வரும்.

முதலில், பேறு பார்த்த மருத்துவிச்சி எழுதித் தந்த துண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மகள் பிறந்தது 2009 மார்ச் 17, புதுமாத்தளனில். என் கிளினிக் எல்லாம் புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரியில்தான். பெப்ரவரி தொடக்கத்தில் அந்த ஆஸ்பத்திரி மேல் அடுத்தடுத்து ஷெல் விழ, 4ஆம் திகதி நோயாளர்களையும் ஊழியர்களையும் அங்கிருந்து எடுத்துவிட்டார்கள். பிறகு மாத்தளனில் ஆஸ்பத்திரி என்றால் ஒரு பள்ளிக்கூடம். வகுப்பறை நிறையக் காயக்காரர், நிலத்தில் பாய். உள்ளே இடம் காணாமல் வெளியே மரங்களுக்குக் கீழே தறப்பாள். பிள்ளைப்பேற்றுக்கு ஒரு மூலை, கயிற்றில் இரண்டு சேலையைப் போட்டு மறைத்தது. சேலைன், கரும்பலகை ஆணியில் தொங்கியது.

மயக்க மருந்தும் அன்டிபயோட்டிக்கும் காயக்காரருக்கே காணாது. அங்கே இருந்த அரசாங்க வைத்தியர்கள் சத்தியமூர்த்தியும் வரதராஜாவும் அந்த மார்ச் மாதம் மருந்து இல்லை என்று கொழும்புக்கு எழுதியதெல்லாம் நான் பிறகுதான் அறிந்தேன். அப்போது எனக்குத் தெரிந்தது, எனக்குத் தையல் போட விறைப்பு ஊசி இல்லை என்பது மட்டும். "கத்து பிள்ளை, கத்தினாப் பரவாயில்லை. காலை மட்டும் ஆட்டாத" என்றார் மருத்துவிச்சி அம்மா. கழுவிய கையுறைகளைக் கொடியில் காயப்போட்டிருந்தார்கள். வலி மறக்க அவற்றை எண்ணிக்கொண்டு கிடந்தேன். பதினொன்று. ஒற்றை எப்படி வந்தது என்று இன்றைக்கும் யோசிப்பதுண்டு.

நான் அதிர்ஷ்டக்காரி, பிள்ளை தலைகீழாக ஒழுங்காக இருந்தது. சிக்கலான பேறு என்றால் செஞ்சிலுவைக் கப்பல்தான் வழி. அந்தக் கப்பல் கரைக்கு வராது, வள்ளத்தில் கொண்டுபோய் ஏற்ற வேண்டும். கப்பல் வரும் நாள் வரைக்கும் வயிற்றுப் பிள்ளை பொறுத்திருக்க வேண்டும். ஷெல் கூவிக்கொண்டு வந்தால் எல்லோரும் நிலத்தோடு படுத்துவிடுவார்கள். மகளின் தலை தெரிந்த நேரம் ஒன்று கூவியது. மருத்துவிச்சி அம்மா படுக்கவில்லை.

மூன்று மணித்தியாலத்தில் எழும்பி வந்துவிட்டேன், பாய் அடுத்தவளுக்கு வேண்டும். வெளிக்கிடும்போது அவர் ஒரு கொப்பித் தாளைப் பாதியாகக் கிழித்து, என் பெயர், திகதி, நேரம், பெண், 2.4 கிலோ என்று குமிழ்முனைப் பேனாவால் எழுதிக் கையெழுத்து வைத்தார். "நில்லு" என்று சொல்லிப் போய், சீல் பெட்டியைத் தேடி எடுத்து வந்து குத்தித் தந்தார். "துலைச்சுப் போடாத. பதியேக்க கேப்பினம்."

ஏப்ரல் 20 ஏரித் தண்ணீருக்குள் இறங்கி ஆமி பக்கம் வந்தோம். பிள்ளை என் மனுசனின் தோளில், துண்டு பொலித்தீன் பையில் சுற்றி என் சட்டைக்குள். தண்ணீர் நெஞ்சளவு. அன்றிரவு பிரித்துப் பார்த்தால், பேனா எழுத்து அப்படியே இருக்கிறது, சீல் இருந்த இடத்தில் ஊதாக் கறை.

பிறப்பை 42 நாளுக்குள் பதிய வேண்டும். நாற்பத்திரண்டாம் நாள் நாங்கள் வவுனியா மெனிக் பாம் முகாமில் தறப்பாளுக்குள் இருந்தோம். அங்கே குடும்பப் பதிவில் பிள்ளையின் பெயரையும் எழுதினார்கள். பதிவு முடிந்தது என்று நான் நினைத்துவிட்டேன். இதுதான் என் பெரிய பிழை. முகாம் பதிவு வேறு, பிறப்புப் பதிவு வேறு. இந்தப் பிழையை நான் மட்டும் விடவில்லை என்று பிறகு தெரிந்தது.

மூன்று மாதம் தாண்டினால் காலம் கடந்த பதிவு, மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் போக வேண்டும். கிளிநொச்சியில் இருக்கும் நாங்கள் இங்கேயே போனோம். ஒரு நாள் காத்திருந்த பிறகு, பிறந்த இடம் எந்தப் பிரிவோ அங்கேதான் பதியலாம் என்றார்கள். சரி, முல்லைத்தீவு மாவட்டத்துக்குப் போனால், முதலில் போன செயலகம் மற்றதைக் காட்டியது. விண்ணப்பிக்க முதல் உங்கள் விதானையாரிடம் (கிராம அலுவலரிடம்) கேளுங்கள், பிறந்த இடம் எந்தக் கிராம அலுவலர் பிரிவு, எந்தப் பிரதேச செயலகம் என்று. எங்களுக்கு இதிலேயே மூன்று பயணம் வீண்.

சரியான கந்தோரில் இருந்தவர் இளம் பெடியன். துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"சீல் எங்கே அம்மா?"

கதையைச் சொன்னேன். அடுத்தது, முகாமில் தந்த பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டைப் புரட்டினார். அதில் பிறந்த திகதி சரி, பிறந்த இடத்தில் வவுனியா என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். ஐந்து வருடமாக ஊசி போட அதைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன், ஒரு நாளும் அந்த வரியை வாசிக்கவில்லை. உங்களிடம் அந்தப் புத்தகம் இருந்தால் இப்போதே எடுத்துப் பாருங்கள்.

"ஆஸ்பத்திரி புதுக்குடியிருப்பு எண்டுறீங்கள், பிறந்தது மாத்தளன் எண்டுறீங்கள். ஆஸ்பத்திரி என்ன, நடந்தே போனது?"

"ஓம் தம்பி, நடந்துதான் போனது."

அவர் சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் இருந்து பிரதி எடுத்து வரச் சொன்னார். ஆஸ்பத்திரியில் போய்க் கேட்டால், அந்தக் காலத்துப் புத்தகம் எதுவும் தங்களிடம் இல்லை என்றார்கள். திரும்பிப் போனேன். அப்போது அவர் குரலைத் தாழ்த்தி, "வீட்டில பிறந்தது எண்டு போடுங்கோவன். விதானையின்ர கடிதமும் ரெண்டு சாட்சியும் போதும், லேசா முடியும்" என்றார்.

நல்லெண்ணத்தில்தான் சொன்னார், ஒத்துக்கொள்கிறேன். என் மனுசனும் "எப்படியோ போடட்டும், பிள்ளை பள்ளிக்கூடம் போனாச் சரி" என்றார். எனக்கு வாய் வரவில்லை. வீடு எங்கே இருந்தது அங்கே? சேலையில் மண் நிரப்பி அடுக்கிய பங்கர்தான் இருந்தது. நான் பங்கருக்குள் பெறவில்லை. கொடியில் பதினொரு கையுறை காய்ந்த இடத்தில் பெற்றேன். அங்கே ஒரு மனுசி படுக்காமல் நின்றார். மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த ஒரு சொல்லுக்கு இன்னும் மூன்று பயணம் செலவானது. வீட்டில் இரண்டு நாள் பேச்சும் இல்லை.

வழி திறந்தது ஒரு மருந்துக்கடையில். மாத்தளனில் என் அடுத்த பாயில் கிடந்தவள் அங்கே நிற்கிறாள்! அவளுக்கு அப்போது பிறந்த பையன் கடை மேசையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு நின்றான். மருத்துவிச்சி அம்மாவின் ரெலிபோன் இலக்கம் அவளிடம் இருந்தது. வேறு மாவட்டத்தில், ஒரு கிளினிக்கில் வேலை செய்கிறார். போய்த் துண்டை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டு நெடுநேரம் பார்த்தார்.

"எழுத்து என்ரதுதான். சீல் எங்க?"

இரண்டு பேரும் சிரித்து முடிய அழுகை வந்துவிட்டது. அன்றைக்கே கடிதம் எழுதித் தந்தார்: புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரி ஊழியராக மாத்தளனில் கடமையில் இருந்தேன், இந்தப் பேற்றைப் பார்த்தது நான், இந்தத் துண்டு என் கையெழுத்து. கீழே தன் பதவி, அதற்கும் கீழே அங்கே இருந்த வைத்திய அதிகாரியின் ஒப்பம். அரசாங்க ஊழியர் ஒருவரின் கடிதம், மேலதிகாரி ஒப்பத்தோடு. கந்தோரில் வேறு எதையும் விட இதுதான் வேலை செய்தது. உங்களுக்குப் பேறு பார்த்தவர் உயிரோடு இருந்தால் தேடிப் பிடியுங்கள். எங்கே தேடுவது என்றால், உங்கள் பக்கத்து எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) கந்தோரில் உள்ள குடும்பநல உத்தியோகத்தர்களிடம், அதாவது மருத்துவிச்சிமாரிடம், கேளுங்கள். அவர்களுக்குள் ஒருவரை ஒருவர் தெரியும்.

மற்றப் பத்திரங்கள் அவ்வளவு கஷ்டமில்லை. கல்யாணப் பதிவின் பிரதி, பழைய புத்தகங்களில் தேடி இந்தப் பிறப்பு பதியப்படவில்லை என்று தரும் கடிதம், விதானையாரின் கடிதம், சமாதான நீதவானிடம் முடித்த சத்தியக்கடதாசி. சத்தியக்கடதாசியில் மட்டும் கவனம். அடையாள அட்டையில் உங்கள் பெயர் எப்படி இருக்கிறதோ ஒரு எழுத்துப் பிசகாமல் அப்படியே இருக்க வேண்டும். எனக்கு ஒரு 'ர்' கூடிப்போய்த் திரும்ப எழுத வேண்டி வந்தது. பழைய துண்டைத் தயவுசெய்து லமினேற் பண்ணாதீர்கள். என்னுடையதை விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் அசல் எழுத்து என்று நம்பினார்கள். நடமாடும் சேவை வந்தால் போங்கள், நேரான வழக்குகள் ஒரே நாளில் முடிகின்றன. என்னுடையதைப் போல் இடம் இழுபடும் வழக்கு என்றால் அங்கேயும் கந்தோருக்குத்தான் திருப்பி அனுப்புவார்கள்.

எட்டாவது தடவை அதே பெடியன்தான். கடிதத்தை இரண்டு முறை வாசித்தார், உள்ளே கொண்டு போனார், ஒரு மணித்தியாலம் கழித்துச் சான்றிதழோடு வந்தார். பிறந்த இடம் என்ற கூட்டில் 'புதுக்குடியிருப்பு வைத்தியசாலை, புதுமாத்தளன்' என்று இருந்தது. எழுத்துக்கு எழுத்து வாசித்துப் பார்த்தேன். 'ர்' எல்லாம் சரி. ஆனால் சீல் பாதிதான் விழுந்திருந்தது, ஒரு ஓரம் வெள்ளை.

"தம்பி, இதை இன்னொருக்கா அழுத்திக் குத்துங்கோ" என்றேன். என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு சீலை மையில் நல்லாகத் தோய்த்து எழும்பி நின்று குத்தினார்.