ஹோபார்ட் போலாமா வேணாமா: ரெண்டு வருஷம் யோசிச்சது

ஆஸ்திரேலியா போறதுன்னு முடிவு பண்ணி ரொம்ப நாள் ஆகியும் எந்த ஊருக்குன்னு முடிவாகவே இல்ல. கூடப் படிச்சவளுங்க எல்லாம் மெல்போர்ன், சிட்னி, பெர்த்னு இருக்காளுங்க, நான் ஹோபார்ட்னு சொன்னதும் அது எங்கடி இருக்குன்னுதான் கேட்டாளுங்க. மேப்புல ஆஸ்திரேலியாவுக்குக் கீழ தனியா ஒரு தீவு இருக்கும், டாஸ்மேனியா, அதோட தலைநகரம். சுத்துப்பட்டு எல்லாம் சேத்து சுமார் ரெண்டரை லட்சம் பேர்.

நான் திருச்சில ஒரு தனியார் ஆஸ்பத்திரில பன்னெண்டு வருஷமா ஐசியூ நர்ஸ். வயசு 34. வீட்டுக்காரருக்கு டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை, பொண்ணு ரெண்டாவது படிக்கிறா. அப்பா போனதுக்கப்புறம் அம்மா எங்ககூடதான், தம்பி சென்னைல. இதை ஏன் சொல்றேன்னா கடைசில எல்லாமே அம்மாகிட்ட வந்துதான் நின்னுச்சு.

மொதல்ல அங்க நர்ஸா வேலை பாக்கத் தேவையான ரெஜிஸ்ட்ரேஷன் பத்தி சொல்லிடறேன், நர்ஸுங்க நெறைய பேர் இதைத்தான் கேக்கறாங்க. இந்தியால பி.எஸ்சி நர்சிங் முடிச்சுட்டு வேற நாட்டு ரெஜிஸ்ட்ரேஷன் எதுவும் இல்லாதவங்களுக்கு ஆஃப்ரால (அங்க நர்ஸ், டாக்டருங்கள ரெஜிஸ்டர் பண்ற அமைப்பு) நேரா ரெஜிஸ்ட்ரேஷன் தரமாட்டாங்க, ஆன்லைன்ல நம்ம தகுதிய நாமே பாத்துக்கற செல்ஃப் செக், டாக்குமெண்ட், அப்புறம் என்கிளெக்ஸ்னு கம்ப்யூட்டர் எக்ஸாம், அது பாஸானா ஆஸ்திரேலியா போயி ஆஸ்கி, அதாவது நேர்ல செஞ்சு காட்டற பிராக்டிகல் எக்ஸாம். என்கிட்ட ஒரு ஏஜென்ட் ஆஸ்கி எல்லாம் தேவையில்ல நான் பாத்துக்கறேன்னு மூணு லட்சம் கேட்டாரு, நல்லவேளை குடுக்கல. இங்கிலீஷுக்கு ஓஇடின்னு மருத்துவ வேலைல இருக்கறவங்களுக்கான டெஸ்ட் எழுதினேன், படிக்கறது, எழுதறது, கேக்கறது, பேசறதுன்னு நாலுலயும் அப்போ பி கிரேடு வரணும், ரைட்டிங்ல மொத தடவ போயிடுச்சு, ரெண்டாவது தடவ வந்துச்சு. என்கிளெக்ஸ் சென்னைல எழுதினேன். குறைஞ்சது 85 கேள்வி, அதிகபட்சம் 150, கம்ப்யூட்டரே நம்ம பதிலப் பாத்து எங்க நிறுத்தணும்னு முடிவு பண்ணும். எனக்கு 85ல ஸ்கிரீன் நின்னுடுச்சு, பாஸா ஃபெயிலான்னு தெரியாம பஸ்ல திருச்சி வர்ற வரைக்கும் ஒரு வாய் தண்ணி எறங்கல. பாஸ்.

ஆஸ்கிக்கு ஃபீஸ் மட்டும் அப்போ 4,000 ஆஸ்திரேலிய டாலர், நம்ம காசுக்கு ரெண்டு லட்சத்துக்கு மேல, டிக்கெட் தங்கறது தனி. நகைய வச்சுதான் கட்டினோம். மொத்தம் பத்து ஸ்டேஷன், ஒவ்வொண்ணுலயும் ஒரு வேலைய செஞ்சு காட்டணும், உள்ள என்ன வந்துச்சுன்னு வெளிய சொல்லக்கூடாது, அதனால அதுக்குள்ள போகல. ஆனா எப்படிப் பழகினேன்னு சொல்றேன். டியூட்டி முடிஞ்சு வந்து தெனமும் ராத்திரி அம்மாவக் கட்டில்ல படுக்க வச்சு, பழைய பொடவ ஓரத்தக் கிழிச்சுக் கையில கட்டி அதுதான் ரிஸ்ட் பேண்ட். கதவுகிட்டேருந்து வந்து கையத் தேய்ச்சு, பேர் சொல்லி அறிமுகம் பண்ணிக்கிட்டு, உங்க முழுப் பேர் என்னம்மா, பொறந்த தேதி என்னம்மான்னு இங்கிலீஷ்ல கேக்கணும். அம்மா பேரைச் சொல்லிடுவாங்க. தேதிக்கு முழிப்பாங்க. ஆதார்ல ஜனவரி 1ன்னு இருக்கு, நெஜமா பொறந்தது ஐப்பசி மாசம், ரெண்டுல எதச் சொல்லட்டும்டின்னு கேப்பாங்க. ரெண்டு மாசம் சலிக்காம பேஷண்டா படுத்திருந்தாங்க.

2024 ஜூலைல ஆஸ்கி எழுத அடிலெய்டு போனேன். எக்ஸாம் முடிஞ்சதும் இவ்ளோ தூரம் வந்துட்டோம் அந்த ஊரையும் பாத்துடலாம்னு மெல்போர்ன் வழியா ஹோபார்ட்டுக்கு நாலு நாளைக்கு டிக்கெட் போட்டிருந்தேன். இந்தக் கணக்குல நான் பண்ணின உருப்படியான வேலை அதுதான். ஏர்போர்ட்ல எறங்கினதுமே ஒரு நாய் வந்து பைய மோந்து பாத்துச்சு, அடிலெய்டுல வாங்கின ரெண்டு ஆரஞ்சு உள்ள இருந்துச்சு, அதே நாட்டுக்குள்ள இருந்து வந்தாலும் பழம் கொண்டு வரக்கூடாதாம், பழ ஈ வந்துடும்னு. நாயோட வந்த ஆபீஸரம்மா சிரிச்சுக்கிட்டே குப்பைத்தொட்டியக் காட்டினாங்க, போட்டேன்.

அப்போ அங்க நடுக் குளிர்காலம். அஞ்சு மணிக்கே இருட்டு. ஊருக்குப் பின்னால 1,271 மீட்டர்ல மவுண்ட் வெலிங்டன், உச்சில பனி, முன்னால டெர்வென்ட் ஆறு கடலோட கலக்குற எடம், ஆஸ்திரேலியாவோட அண்டார்டிகா ஆராய்ச்சிக் கப்பல் இங்கேருந்துதான் கெளம்புது. ரயில் கிடையாது, பஸ்தான். எலிசபெத் ஸ்ட்ரீட்ல சாயங்காலம் ஆறு மணிக்கு நடந்தா பெரும்பாலான கடை மூடியிருக்கு, என் ஷூ சத்தம் எனக்கே கேக்குது. நம்ம ஊர்ல கோயில் ஸ்பீக்கர், பஸ் ஹாரன், பக்கத்து வீட்டு சீரியல்னு ஏதாவது ஒரு சத்தத்துலயே இருந்து பழகினவளுக்கு அந்த அமைதி நெஞ்ச அடைச்சுது, மொத ராத்திரி தூக்கமே வரல, இவருக்கு ஃபோன் போட்டு இந்த ஊரு வேணாங்கன்னு சொல்லிட்டேன்.

மூணாவது நாள் மாறிடுச்சு. நான் தங்கியிருந்த வீட்டு ஓனர் ஒரு பாட்டி, 78 வயசு, தனியா இருக்காங்க, பையன் பிரிஸ்பேன்ல. காலைல குப்பை டப்பாவ அவங்களே உருட்டிக்கிட்டு வந்து ரோட்டோரம் வச்சுட்டு, மூச்சு வாங்க கேட்டப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. கால் ரெண்டும் வீங்கியிருந்துச்சு, நர்ஸ் கண்ணுக்கு அதுதான் மொதல்ல படும். உக்கார வச்சு கால அமுக்கிப் பாத்தேன், குழி விழுந்துச்சு, டாக்டர்கிட்ட போங்கன்னேன், நாளைக்கே போறேன்னு சொல்லி என் கைய விடவே இல்ல. ஆஸ்திரேலியாவுலயே மக்கள்தொகைல வயசானவங்க பங்கு அதிகமா இருக்கற மாநிலம் டாஸ்மேனியாதான். என் வேலைக்கு இங்க எவ்ளோ தேவை இருக்குன்னு அந்தக் கேட்டுகிட்டதான் எனக்குப் புரிஞ்சுது. அன்னைக்கு மதியம் மூனாங்கற ஹோபார்ட் புறநகர் பக்கம் போனேன், நேபாளிங்க நெறைய இருக்காங்க, மளிகைக் கடைல துவரம்பருப்பு, கடுகு எல்லாம் இருந்துச்சு. இருக்க முடியும்னு தோணுச்சு. வாடகை மட்டும் பயமா இருந்துச்சு, நான் பாத்த ரெண்டு ரூம் வீடுங்க எல்லாம் வாரத்துக்கு 450 டாலருக்கு மேல.

ஊருக்கு வந்து ஆஸ்கி ரிசல்ட் பாஸ், அப்புறம் விசாவுக்காக அன்மாக்னு ஒரு அமைப்புகிட்ட நர்சிங் தகுதிய சரிபாக்கற ஸ்கில் அசெஸ்மெண்ட். விசாவுக்கான பாயிண்ட் கணக்கு இப்படி: வயசுக்கு 25, டிகிரிக்கு 15, எட்டு வருஷத்துக்கு மேல அனுபவத்துக்கு 15, இங்கிலீஷுக்கு 10, வீட்டுக்காரரும் இங்கிலீஷ் டெஸ்ட் எழுதினதால 5. ஆக 70. ஒரு மாநிலம் நம்மள நாமினேட் பண்ணினா, அதாவது பரிந்துரைச்சா, 190ங்கற விசாவுக்கு 5 கூடும், 491ங்கற விசாவுக்கு 15 கூடும். 491 பெரிய நகரங்களுக்கு வெளிய இருக்கற ரீஜனல் ஏரியாவுக்கானது, டாஸ்மேனியா முழுக்க ரீஜனல் கணக்குதான், ஹோபார்ட் உட்பட. எல்லாரும் 491 போடு சீக்கிரம் வரும்னாங்க. ஆனா 491 அஞ்சு வருஷ தற்காலிக விசா, மூணு வருஷம் இருந்து வரி கட்டின கணக்கு காமிச்சாத்தான் 191ங்கற நிரந்தர விசாவுக்கே அப்ளை பண்ணலாம், பிஆர் (நிரந்தரமா தங்கற உரிமை) ஆகாம அம்மாவ நீண்ட கால பேரண்ட் விசால கூப்பிட வழியே இல்ல. 190ன்னா வந்த அன்னைக்கே பிஆர், ரெண்டு வருஷமாவது அங்க இருப்பேன்னு சொல்லணும், அது எனக்குக் கஷ்டமே இல்ல. ஒரே பிடிவாதமா 190 மட்டும் போட்டேன்.

பிஆர் ஆனாலும் அம்மா விஷயம் லேசு இல்லங்க. காசு கட்டி எடுக்கற நிரந்தர பேரண்ட் விசா ஒருத்தருக்கு 45,000 டாலருக்கு மேல, க்யூ பல வருஷம். 870ன்னு ஒரு தற்காலிக பேரண்ட் விசா இருக்கு, அதுல மூணு வருஷம் இல்லன்னா அஞ்சு வருஷம் தங்கலாம், அதுக்கும் நாம அங்க சில வருஷம் இருந்திருக்கணும். அதுவரைக்கும் விசிட்டர் விசாதான்.

இவர் ஒரு நாள் ராத்திரி நோட்ட எடுத்து தூரத்தக் கணக்குப் போட்டாரு. ஹோபார்ட்லேருந்து மெல்போர்ன், அங்கேருந்து சிங்கப்பூர், அங்கேருந்து திருச்சி, மூணு ஃபிளைட், காத்திருக்கற நேரமும் சேத்தா கிட்டத்தட்ட ஒரு நாள். அம்மா பக்கத்துல பூண்டு உரிச்சுக்கிட்டு இருந்தாங்க. யாரும் கேக்காமலே, ஐஸ் பொட்டில ஒரு நாள் தாங்கும்டி, உங்கப்பாவையே ஒன்றரை நாள் வச்சிருந்தோம்லன்னாங்க. எனக்கு அழுகை அடக்க முடியல. அவங்க பூண்டத் தள்ளி வச்சுட்டு, புள்ள படிப்பப் பாருன்னு மட்டும் சொன்னாங்க.

போன வருஷக் கடைசில டாஸ்மேனியா நாமினேஷன் வந்துச்சு, மூணு பேருக்கும் விசா ஃபீஸ் கிட்டத்தட்ட அஞ்சு லட்சம், பாதி சொசைட்டி லோன். மெடிக்கல், போலீஸ் கிளியரன்ஸ் ரெண்டும் சீக்கிரம் முடிஞ்சுது. இப்ப விசா கிராண்ட் வந்தாச்சு. நான் மொதல்ல போறேன், வீடு பாத்துட்டு இவங்க ரெண்டு பேரும் வருவாங்க, அது வரைக்கும் அம்மா இங்கதான், அப்புறம் தம்பிகிட்ட. நான் கெளம்பறதுக்குள்ள அம்மாவுக்கு பாஸ்போர்ட் எடுத்துடணும்னு நிக்கிறேன், புதன்கிழமை அப்பாயின்ட்மெண்ட், பொறந்த தேதி ஜனவரி 1ன்னே போட்டாச்சு.