ஆறடித் தொட்டிக்குள் ஒரு பாறைத்திட்டு: ஐந்து மாத வேலைக் குறிப்புகள்

சிங்கப்பூரின் யீஷூனில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் எட்டு ஆண்டுகளாக இரண்டடி உப்புநீர்த் தொட்டி ஒன்றை வைத்திருந்தேன். பெரிய தொட்டி வேண்டும் என்ற ஆசை அப்போதே இருந்தது. ஆனால் வீவக வீடுகளின் தளம் சதுர மீட்டருக்கு 150 கிலோ எடைக்கு வடிவமைக்கப்பட்டது. கப்பல் பட்டறையில் வரைபடம் வரைந்து பிழைப்பவன் அந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டே மீறுவது சரியாகாது. சென்ற ஆண்டு இறுதியில் தரைவீட்டுக்கு மாறியபின்தான் 180 சென்டிமீட்டர் நீளம், 75 சென்டிமீட்டர் அகலம், 60 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டிக்குச் சொல்லி வைத்தேன். நீர், மணல், பாறை, கண்ணாடி, அலமாரி எல்லாம் சேர்த்து அது ஏறக்குறைய 1.2 டன். மண்மேல் நேராகப் படுத்திருக்கும் கீழ்த்தளத்தில் வைத்ததால் இரவில் நிம்மதியாகத் தூங்க முடிகிறது.

தொட்டி வந்து சேர ஏழு வாரம் ஆகும் என்றார்கள். அந்த ஏழு வாரத்தையும் பாறையமைப்புக்கே ஒதுக்கினேன். உள்ளே நீர் நிரம்பி, மீன்கள் குடியேறி, பவளங்கள் ஒட்டிக்கொண்ட பிறகு ஒரு கல்லை நகர்த்துவது எவ்வளவு பெரிய தொல்லை என்பதைப் பழைய தொட்டியில் நன்றாகவே அனுபவித்திருக்கிறேன். அங்கே கற்களைப் பின்கண்ணாடியோடு சேர்த்துச் சுவர்போல் அடுக்கியிருந்தேன். சுவருக்குப் பின்னால் நீரோட்டம் நின்றுபோய், மீன்கழிவும் மிச்ச உணவும் அங்கேயே தங்கி, நைட்ரேட் அளவு எத்தனை முறை நீர் மாற்றினாலும் இறங்கவே இல்லை.

எத்தனை கிலோ வாங்குவது என்பதுதான் முதல் கேள்வி. பாறைத் துளைகளில் வாழும் பாக்டீரியாதான் கழிவைச் சிதைக்கும் என்பதால், கேலனுக்கு ஒரு பவுண்டு பாறை என்று ஒரு பழைய வாய்ப்பாடு உண்டு. அதன்படி பார்த்தால் என் 810 லிட்டர் தொட்டிக்கு 97 கிலோ போட வேண்டும். மீன்களுக்கு நீந்த இடம் இருக்காது. துளைகள் நிறைந்த நல்ல பாறை, போதுமான நீரோட்டம், கீழே சம்ப் எனும் துணைத் தொட்டியில் கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஒரு ஸ்கிம்மர், இவை இருந்தால் அதில் பாதிகூடத் தேவைப்படாது என்று கருதி 45 கிலோ வாங்கினேன். அதுவும் அதிகம் என்பது பின்னால் தெரிந்தது.

உயிர்ப்பாறையா, உலர்பாறையா என்பதில் நான் அதிகம் குழம்பவில்லை. கடலிலிருந்து உயிர்களோடு எடுத்துவரும் உயிர்ப்பாறையோடு நல்ல பாக்டீரியாவும் சிற்றுயிர்களும் வரும். கூடவே ஐப்டேசியா என்ற தொல்லைதரும் கடற்சாமந்தியும், யாரும் அழைக்காத இறாலும் நண்டும் வரும். அது அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ள பொருள் என்பதால் அனுமதிச் சீட்டு இல்லாமல் நாட்டுக்குள் கொண்டுவர முடியாது. எனக்கு அவற்றைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது: நாள் கணக்கில் வெளியே வைத்துத் துளையிட்டு ஒட்ட வேண்டிய வேலைக்கு உயிருள்ள கல் பொருந்தாது. எனவே மீன்தொட்டிக் கடைகள் உள்ள சிராங்கூன் நார்த் பக்கம் இரண்டு சனிக்கிழமைகள் அலைந்து, நிலத்திலிருந்து வெட்டியெடுத்த பழம்பவளப் பாறைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். உருண்டையான கற்களைத் தவிர்த்துத் தட்டையான பலகைக் கற்களையும் கிளைபோல் நீண்ட கற்களையும் எடுத்தேன். உருண்டைக் கல்லை எப்படி வைத்தாலும் அது குவியலாகத்தான் போய் முடியும்.

இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நீர் நன்றாக வற்றும் நேரம் பார்த்து, மரினா சவுத் படகுத்துறையிலிருந்து கூசு தீவுக்குப் போய்வந்தோம். சிங்கப்பூர்க் கடலில் ஏறக்குறைய 250 வகைக் கல்பவளங்கள் உண்டு என்றாலும், கலங்கலான நீரில் ஒளி அதிக ஆழம் இறங்காததால் அவை பெரும்பாலும் ஆழம் குறைந்த விளிம்புகளிலேயே வளர்கின்றன. கரையிலிருந்து எதையும் எடுக்கவில்லை, எடுக்கவும் கூடாது. பார்த்துவிட்டு வரத்தான் போனோம். நான் கவனித்தது ஒன்றே ஒன்று: பாறை விளிம்புகள் மேலே அகன்றும் கீழே குடைந்தும் இருந்தன, அலை அந்தக் குடைவுகளின் வழியே உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்தது. என் பழைய தொட்டியில் இல்லாதது அந்தக் குடைவுதான்.

வீட்டுக்கு வந்து வரவேற்பறைத் தரையில் தொட்டியின் அளவை நாடா ஒட்டிக் குறித்து, உள்ளே பழைய தமிழ் முரசுத் தாள்களை விரித்துக் கற்களை அடுக்கிப் பார்த்தேன். கண்ணாடியைத் துடைக்கும் காந்தம் போய்வர முன்பக்கம் 15 சென்டிமீட்டரும் பின்பக்கம் 12 சென்டிமீட்டரும் விட வேண்டும் என்று உட்கோடு ஒன்றும் போட்டேன். முதல் அமைப்பை முடித்துவிட்டுப் பெருமையோடு நின்றபோது அம்மா வந்து பார்த்தார். “என்னடா, நவராத்திரிக்கு இன்னும் எத்தனையோ மாசம் இருக்கே, இப்பவே கொலுப்படி கட்டிட்டியா?” என்று கேட்டார். அவர் சொன்னது முழு உண்மை. நடுவில் உயரம், இரு பக்கமும் ஒரே சரிவு, படிப்படியாக இறக்கம். கலைத்துவிட்டேன்.

உயர்நிலை இரண்டில் படிக்கும் மகள் அதன்பின் பொறுப்பேற்றாள். ஈரச்சந்தை மீன்காரரிடம் வாங்கிய ஸ்டைரோஃபோம் பெட்டியை வெட்டி, ஐந்தில் ஒரு பங்கு அளவில் மாதிரிகள் செய்து தந்தாள். நான்காவது மாதிரிதான் நிலைத்தது: இடப்பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தை நடுவாகக் கொண்டு ஒரு பெரிய திட்டு, வலப்பக்கம் சிறிய திட்டு, இரண்டுக்கும் நடுவே வெறும் மணல் கால்வாய். பெரிய திட்டிலிருந்து ஒரு கை அந்தக் கால்வாயின் மேல் நீள வேண்டும். அடியில் ஒரு வளைவு இருக்க வேண்டும். உயரம் 40 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று நான் ஒரு நிபந்தனை வைத்தேன். பவளம் மேல்நோக்கி வளரும் என்பதை மறந்து நீர்மட்டம்வரை கல்லை ஏற்றிவிட்டு, பிறகு கிளைகளை வெட்டிக்கொண்டே இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒட்டும் வேலை சீனப் புத்தாண்டு முடிந்த வாரத்தில் தொடங்கியது. அண்டை வீட்டார் விருந்தினரோடு இருக்கும் நாள்களில் டிரில் சத்தம் போட மனமில்லை. முதலில் சயனோஅக்ரிலேட் (சூப்பர் குளூ வகை) கூழ்ப்பசையை வைத்து, அதன்மேல் நுண்ணிய அரகோனைட் என்ற சுண்ணாம்பு மணலைத் தூவினேன். சில நொடிகளில் கல்லோடு கல்லாக இறுகிவிடுகிறது. ஈரத்தைக் கொண்டே இறுகும் பசை அது. நம் ஊர்க் காற்றுக்குத் திறந்த குப்பி இரண்டு வாரம் தாங்காது, ஈரமுறிஞ்சிப் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வைப்பது நல்லது. அந்த வேகத்தில் மயங்கி வளைவு முழுவதையும் பசையை மட்டும் நம்பிக் கட்டினேன். மறுநாள் காலை அது தாள்களின்மேல் மூன்று துண்டாகக் கிடந்தது. இந்தப் பசை இழுவிசையை ஓரளவு தாங்கும். பக்கவாட்டு அதிர்ச்சியைத் தாங்காமல் கண்ணாடிபோல் நொறுங்கும். பட்டறையில் பற்றவைப்புக்கு முன் இடும் தற்காலிகப் பொட்டுக்கும் முழுப் பற்றவைப்புக்கும் உள்ள வேறுபாட்டைத் தினமும் பார்ப்பவன் இதை முன்பே யோசித்திருக்க வேண்டும்.

இரண்டாம் முறை ஒவ்வொரு சுமைதாங்கும் இணைப்பிலும் 8 மில்லிமீட்டர் கண்ணாடியிழைக் கம்பியைச் செருகினேன். இரும்புக் கம்பி உப்புநீரில் துருப்பிடிக்கும்; செம்பு கலந்த எதுவும் இறாலையும் பவளத்தையும் கொல்லும். துளையிடும்போது டிரில்லின் சுத்தியல் விசையை அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கல் பிளந்துவிடும். நான் இரண்டு கற்களை இழந்தபின் அணைத்தேன். கம்பி, அதைச் சுற்றிப் பசை, அதன்மேல் பாறைத் தொட்டிகளுக்கென்று விற்கும் சிமெண்ட், சிமெண்ட் காய்வதற்குள் அதன்மேல் இடித்த பாறைத் தூள் என்ற வரிசையில் போனால் இணைப்பு எங்கே என்றே கண்ணுக்குத் தெரியாது. ஒரு நாள் முழுவதும் ஈரத்துணி போர்த்தி வைத்தபின், நீட்டிய கையின் நுனியில் 5 கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். அசையவில்லை. பவளம் வளர வளர எடை கூடும் இடம் அதுதான் என்பதால் இந்தச் சோதனையை மட்டும் தவிர்க்க வேண்டாம்.

இனி வெட்கப்பட வேண்டிய பகுதி. தொட்டி வந்து இறங்கிய நாளில், 82 சென்டிமீட்டர் நீளமுள்ள பெரிய திட்டை மைத்துனரும் நானும் தூக்கிக்கொண்டு போய்த் தொட்டியின் மேல் பிடித்தோம். அது உள்ளே போகவில்லை. தொட்டியின் மேல்விளிம்பில் சுற்றிலும் 8 சென்டிமீட்டர் கண்ணாடிப் பட்டையும், நடுவில் 20 சென்டிமீட்டர் குறுக்குப் பட்டையும் உண்டு. கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது 72க்கு 59 என்ற இரண்டு வாய்கள் மட்டுமே. வரைபடத்தில் அந்தப் பட்டைகளைக் கோடு கோடாக வரைந்தவனே நான்தான். தரையில் நாடா ஒட்டும்போது தொட்டியின் அடியளவைக் குறித்தேனே தவிர வாயளவைக் குறிக்கவில்லை. செங்குத்தாக இறக்கி உள்ளே திருப்பலாம் என்று பார்த்தோம். நீட்டிய கை ஒவ்வொரு முறையும் குறுக்குப் பட்டையில் போய் இடித்தது. மைத்துனர் ஒன்றும் சொல்லாமல் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

அன்று மாலை திட்டைத் தோள்பகுதியில் அறுத்து இரண்டாக்கினேன். கீழ்ப்பகுதியில் இரண்டு கம்பிகளை நிரந்தரமாக நிறுத்தி, மேல்பகுதியில் அவற்றுக்குச் சற்றே அகன்ற துளைகள் இட்டு, பசையே இல்லாமல் உரலும் உலக்கையும்போல் பொருந்தும்படி செய்தேன். அவமானத்தில் செய்த மாற்றம்தான் என்றாலும், இப்போது அந்த மேல்பகுதியைக் கையால் தூக்கி வெளியே எடுக்க முடிகிறது. ஒளிந்துகொள்ளும் மீனைப் பிடிக்க வேண்டிய நாள் வந்தால் தொட்டியையே கலைக்க வேண்டியதில்லை. இன்னொரு முறை செய்தால், வாய் எவ்வளவு அகலமாக இருந்தாலும் முதலிலேயே இப்படித்தான் செய்வேன்.

புதுச் சிமெண்டின் காரத்தன்மை போவதற்காக எல்லாத் துண்டுகளையும் பெரிய பிளாஸ்டிக் தொட்டிகளில் மூன்று வாரம் ஊறவைத்தேன். முதல் நாள் பிஎச் 10ஐத் தாண்டியது. நான்கு நாளுக்கு ஒருமுறை நீரை மாற்றியபின் 8.3க்கு இறங்கி நின்றது. பாஸ்பேட்டும் கசிந்துகொண்டிருந்ததால் அந்த மூன்று வாரம் வீணாகவில்லை. கற்களில் உயிருள்ள பூம்பவளம் எதுவும் ஒட்டியிருந்தால் அவற்றை ஒருபோதும் கொதிக்க வைக்காதீர்கள். சில வகைகளின் நச்சு ஆவியோடு கலந்து மூச்சில் ஏறினால் உயிருக்கே ஆபத்து.

வைக்கும் நாளில் முதலில் கல், பிறகு மணல். அடிக்கண்ணாடியில் மெல்லிய அக்ரிலிக் தகடுகளைப் போட்டு, அவற்றின்மேல் திட்டுகளை நிறுத்தி, கடைசியில் 60 கிலோ மணலைச் சுற்றிலும் பரப்பினேன். மணல்மேல் கல்லை வைத்தால், அடியில் தோண்டும் மீனும் இறாலும் என்றாவது ஒருநாள் அதைச் சாய்த்துவிடும். நம் குழாய்நீரில் குளோராமின் என்ற கிருமிநாசினி இருப்பதால் ஆர்ஓ வடிகட்டி வழியாகவே நீர் பிடித்தேன். சம்ப் உட்பட ஏறக்குறைய 810 லிட்டர் சேர ஐந்து நாளாயிற்று. லிட்டருக்குச் சுமார் 38 கிராம் வீதம் 31 கிலோ உப்புக் கலவை போனது, ஒப்படர்த்தி 1.025, நீரைக் குளிர்விக்கும் சில்லர் 26 பாகையில். பம்புகளை ஓடவிட்டு ஒரு சிட்டிகை மீன்தீனித் தூளைத் தூவிப் பார்த்தபோது, அது வளைவுக்குள் புகுந்து, பெரிய திட்டின் பின்னால் சுற்றி, கால்வாய் வழியே வெளியே வந்தது. எட்டு ஆண்டுகளாக என் தொட்டியில் நான் காணாத காட்சி அது.

மீனுக்கு நச்சான அமோனியாவும் நைட்ரைட்டும் 23ஆம் நாள் சுழிக்கு வந்தன. ஐந்தாம் வாரம் எல்லாக் கற்களும் பழுப்புப் பாசி பூத்துத் தேநீர்க் கறைபோல் ஆனதும், அம்மா தொட்டியைக் கழுவச் சொன்னார். கழுவவில்லை, நத்தைகளை விட்டேன். இப்போது ஒரு சோடி கோமாளி மீன், வளைவுக்குள் குடியேறிய ஒரு ராஸ் மீன், கையின் நுனியில் கட்டைவிரல் அளவில் ஒரு பவளத்துண்டு. 45 கிலோவில் 27 கிலோதான் உள்ளே போயிற்று. மீதி 18 கிலோ சலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் வாளிகளில் இருக்கிறது, அதை என்ன செய்யப்போகிறேன் என்று வாரம் ஒருமுறை வீட்டில் கேட்கிறார்கள். வலப்பக்கச் சிறிய திட்டின் பின்கால் ஒன்று கண்ணாடியிலிருந்து 6 சென்டிமீட்டரில் நிற்கிறது; காந்தம் அங்கே மட்டும் போவதில்லை. அடுத்த நீர்மாற்றத்தின்போது அதைத் தூக்கி எடுத்து உளியால் செதுக்கியாக வேண்டும்.