சட்டையைத் தூக்கிவிட்டு மூச்சை எண்ணுங்கள்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் மதுரையில் குழந்தை டாக்டர்கள் வீட்டு வாசலில் செருப்பு விட இடம் இருக்காது. வருகிறவர்களில் பாதிப் பேர் சொல்வது ஒன்றுதான்: "நெஞ்சுல கர்கர்னு சத்தம் கேக்குது டாக்டர்." என் தங்கையும் நாலு மாதப் பையனைத் தூக்கிக்கொண்டு அப்படித்தான் போனாள். ஆர்.எஸ்.வி. என்றார்கள். ரெண்டு வயதுக்குள் அநேகமாக எல்லாப் பிள்ளைக்கும் ஒருமுறை வந்துவிடும் வைரஸ், நமக்கு வந்தால் பெரும்பாலும் வெறும் ஜலதோஷம். கைக்குழந்தைக்கு நுரையீரலின் மெல்லிய மூச்சுக்குழாய்கள் வீங்கிச் சளி அடைத்துக்கொள்ளும்.

சத்தம் பெரும்பாலும் மூக்குச் சளிதான். பார்க்க வேண்டியது மூச்சை. பிள்ளை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். ரெண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, அதற்கு மேல் ஐந்து வயது வரை 40, இதைத் தொட்டாலே டாக்டரிடம் காட்ட வேண்டும். விலா உள்ளே இழுத்தால், பால் பாதிகூட இறங்காவிட்டால், மூத்திரம் குறைந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. உதடு நீலம் பாரித்தாலோ மூச்சு நின்று நின்று வந்தாலோ 108. "காய்ச்சலே இல்லையே" என்று அம்மா இழுத்தார், ஆனால் இதில் காய்ச்சல் இல்லாமலும் மூச்சுத் திணறும். மூணாவது நாளிலிருந்து ஐந்தாவது நாள் வரைதான் மோசம், முதல் நாள் சிரித்த பிள்ளையை நம்பி அசந்துவிடக் கூடாது.

வீட்டில் செய்வது கொஞ்சம்தான். மூக்கில் உப்புநீர்ச் சொட்டு விட்டு உறிஞ்சி எடுப்பது, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி பால். கற்பூரத் தைலம் வேண்டாம், சாம்பிராணிப் புகை வேண்டாம், ஒரு வயதுக்குள் தேனும் வேண்டாம் (இதற்கு எந்தப் பாட்டியும் ஒத்துக்கொள்ள மாட்டார்). குளிப்பாட்டி முடித்ததும் வாயால் மூக்கை ஊதுவார்களே, அது வைரஸை நேரே உள்ளே அனுப்புகிற வேலை. பிள்ளை பார்க்க வருகிற சொந்தக்காரர்களைச் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள், கோபித்துக்கொள்ளட்டும். சளி பிடித்தவர் என்றால் வாசலோடு சரி, முத்தம் எல்லாம் அப்புறம்.

அமெரிக்காவில் 2023 முதல் ஆர்.எஸ்.வி.க்கு எதிராகக் கர்ப்பிணிகளுக்கு 32 முதல் 36 வாரத்துக்குள் போடும் தடுப்பூசியும், பிறந்த குழந்தைக்கு நிர்செவிமாப் என்ற ஊசியும் இருக்கின்றன. குறைமாதப் பிள்ளை, இதயக் கோளாறு உள்ள பிள்ளை என்றால் உங்கள் டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள்.

இருமல் மட்டும் ரெண்டு வாரம் இழுக்கும். அதற்காக மெடிக்கலில் ஆன்டிபயாடிக் வாங்காதீர்கள், வைரஸை அது ஒன்றும் செய்யாது.