பதுவையில் கோடி அற்புதரின் கல்லறை

கோடி அற்புதரான புனித அந்தோனியாருக்கு நேர்ந்துகொண்டு இத்தாலியின் பதுவைக்குப் போகிறவர்கள் வெனிஸிலிருந்து ரயில் ஏறுவது சுலபம். சுமார் 40 கிலோமீட்டர்தான். பதுவை ரயில் நிலையத்திலிருந்து டிராம் உண்டு. அந்தோனியார் பேராலயத்தை அங்கே ‘இல் சாந்தோ’ என்பார்கள்; அப்படிக் கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். நுழைவுக் கட்டணம் கிடையாது. சதுக்கத்து மெழுகுதிரிக் கடைகளில் நின்று நேரத்தைக் கரைக்காமல் நேரே உள்ளே போய்விடுங்கள்.

கல்லறைச் சிற்றாலயம் இடப்பக்கம். வரிசை பீடத்தைச் சுற்றிப் பின்னால் போகும். அங்கேதான் கல்லில் உள்ளங்கையை வைத்துச் செபிக்கிறோம். சுற்றுலாக் கூட்டம் பின்னாலிருந்து நெருக்கும். கிடைப்பது சில நொடிகள். அந்த நேரத்தில் பையைத் துழாவி மன்றாட்டுச் சீட்டைத் தேடினால் செபம் போய்விடும். சுவரில் அவருடைய புதுமைகளைச் சொல்லும் 9 பளிங்குச் சிற்பங்கள் இருக்கின்றன. வரிசையில் நிற்கும்போதே அவற்றைப் பார்த்தபடி, வேண்டிக்கொள்ளச் சொன்னவர்களின் பெயர்களை மனதில் அடுக்கிக்கொள்ளுங்கள். கல்லில் கை பட்டதும் பெயர்கள் மட்டும் போதும். குழந்தை வரம் பெற்றவர்களும் நோய் நீங்கியவர்களும் கொண்டுவந்த படங்களும் கடிதங்களும் பக்கத்திலேயே இருக்கும். அவற்றைப் பார்த்தால், கேட்க வந்ததை மறந்து நன்றி சொல்லத்தான் வாய் வருகிறது. நன்றி, எங்கள் அந்தோனியாரே!

1231 ஜூன் 13 வெள்ளிக்கிழமை இறந்தவரை 17ஆம் தேதி செவ்வாயன்று அடக்கம் செய்தார்கள். செவ்வாய்தோறும் அவரிடம் வேண்டும் நம் நவநாள் செபத்துக்கு வேர் அதுதான். முடிந்தால் செவ்வாயன்றே போங்கள். திருநாளுக்காகவே நேர்ந்தவர்கள் தவிர மற்றவர்கள் ஜூன் 13ஐ ஒட்டிய நாட்களைத் தவிர்ப்பது நல்லது. நெரிசலில் கல்லறையருகே நிற்கவே முடியாது.

அடுத்து, நடுப்பீடத்துக்குப் பின்னால், புனிதரின் உடல் எச்சங்களை வைத்திருக்கும் திருப்பண்டச் சிற்றாலயம். 1263இல் கல்லறையைத் திறந்தபோது உடல் மண்ணாகியிருக்க, நாக்கு மட்டும் அழியாதிருந்தது. அதைக் கையில் ஏந்திப் புகழ்ந்தவர் அன்றைய பிரான்சிஸ்கன் சபைத் தலைவர் புனித பொனவெந்தூர். கடவுளின் வார்த்தையைப் பேசிய நாக்கல்லவா! அவசரப்படாமல் நின்று பாருங்கள்.

நேரமிருந்தால் அதே ஊரிலுள்ள ஸ்க்ரொவேஞ்ஞி சிற்றாலயத்தில் ஓவியர் ஜொத்தோ 1305 வாக்கில் முடித்த சுவரோவியங்களைப் பார்க்கலாம். முன்பதிவு கட்டாயம். ஈரமும் தூசியும் ஓவியத்தைக் கெடுக்கும் என்பதால் சிறு குழுக்களாக ஓர் அறையில் உட்காரவைத்து, காற்று சீரானபிறகே உள்ளே விடுவார்கள். பிந்தினால் அந்த முறை போயிற்று. புனித லூக்காவின் கல்லறை உள்ள சாந்தா ஜுஸ்தீனா ஆலயம், அந்தோனியார் பேராலயத்திலிருந்து நடக்கும் தூரம்தான். மதியம் பூட்டிவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள்.