முடிவு சரி, ஆதாரம் போதுமா?

எம்பிஏ போன்ற மேலாண்மைப் படிப்புகளில் சேர எழுதும் ஜிமேட் தேர்வில், ஒரு சிறு வாதத்தைக் கொடுத்து அதை எடைபோடச் சொல்லும் கிரிட்டிகல் ரீசனிங் கேள்விகளுக்குத் தயாரானபோது எனக்கு அதிகம் கைகொடுத்தது ஒரு பழக்கம். முடிவு உண்மையா பொய்யா என்ற யோசனையை ஓரமாக வைத்துவிட்டு, கொடுத்திருக்கும் ஆதாரத்தை மட்டும் வைத்து அந்த முடிவுக்கு வர முடியுமா என்று பார்ப்பதுதான் அது. நமக்கு உடன்பாடான கருத்து என்றால் மனம் ஆதாரத்தைக் கேட்காமலே தலையாட்டிவிடும். அதனால் இது பழகப் பழகத்தான் வரும்.

இந்த வேறுபாடு எனக்குத் தெளிவானது 1854-இல் லண்டனில் பரவிய காலராவைப் பற்றிப் படித்தபோது. கெட்ட காற்றுதான் காரணம் என்று மருத்துவர்கள் பலரும் நம்பிய காலம் அது. ஜான் ஸ்நோ என்ற மருத்துவர், குடிநீர் வழியாகத்தான் பரவுகிறது என்றார். அவர் சொல்லி, பிராட் தெருவிலிருந்த பம்பின் கைப்பிடியை செப்டம்பர் 8 அன்று கழற்றினார்கள், நோய் அடங்கியது. எல்லோரும் சொல்லும் கதை இது. ஆனால் கைப்பிடியைக் கழற்றும் முன்பே சாவுகள் குறைய ஆரம்பித்துவிட்டன. மக்களில் பலர் அந்தப் பகுதியை விட்டே போய்விட்டார்கள். பம்பைத் தொடாமல் விட்டிருந்தாலும் நோய் தணிந்திருக்கலாம். ஸ்நோவும் இதை ஒப்புக்கொண்டார். முடிவு உண்மைதான், ஆனால் இந்த ஆதாரம் அதைத் தாங்காது.

அதே ஸ்நோவின் இன்னொரு வாதத்தைப் பாருங்கள். தெற்கு லண்டனில் ஒரே தெருக்களில் இரண்டு கம்பெனிகள் தண்ணீர் கொடுத்தன. லாம்பெத் கம்பெனி 1852-இல் தேம்ஸ் ஆற்றில் தண்ணீர் எடுக்கும் இடத்தை, நகரத்துக் கழிவு கலக்காத மேல்பகுதிக்கு மாற்றிக்கொண்டது. சவுத்வார்க் அண்ட் வாக்ஸ்ஹால் கம்பெனி கழிவு கலந்த பகுதியிலேயே எடுத்தது. 1854-இல் இந்தக் கம்பெனியின் தண்ணீர் போன வீடுகளில் 10,000-க்கு 315 சாவுகள். லாம்பெத் வீடுகளில் 37. அடுத்தடுத்த வீடுகள், ஒரே காற்று, இரண்டு பக்கமும் ஏழைகளும் இருந்தார்கள், வசதியானவர்களும் இருந்தார்கள். வேறுபட்டது தண்ணீர் மட்டும். காற்றைக் காரணம் சொல்பவரிடம் இதற்கு விளக்கம் இல்லை. இதுதான் பலமான வாதம்.

காரணம் சொல்லும் கேள்வி எது வந்தாலும் "வேறு எதனால் இப்படி ஆகியிருக்கலாம்?" என்று முதலில் கேளுங்கள். வாதத்தைப் பலவீனப்படுத்தும் விடை பெரும்பாலும் அந்த வேறு காரணமாக இருக்கும். பலப்படுத்தும் விடை அதை அடைக்கும்.

வாதம் சொல்லாமலே உண்மை என்று வைத்துக்கொண்ட எடுகோளைக் கண்டுபிடிக்க, கொடுத்திருக்கும் விடைகளை ஒவ்வொன்றாக மறுத்துப் பாருங்கள். "பயிற்சி எடுத்த ஊழியர்கள் அதிகம் விற்றார்கள், ஆகவே பயிற்சி பலன் தந்தது" என்று ஒரு வாதம். 'அவர்கள் முன்பே நன்றாக விற்றவர்கள் அல்ல' என்பது விடைகளில் ஒன்று. சரி, முன்பே நன்றாக விற்றவர்கள்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாதம் படுத்துவிடுகிறது அல்லவா? அப்படியானால் அதுதான் எடுகோள். மறுத்தும் வாதம் நிற்கிறது என்றால் தயங்காமல் அடுத்ததற்குப் போங்கள்.

எண்ணிக்கை பெரிதாக இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் லிட்டரரி டைஜெஸ்ட் பத்திரிகை நடத்திய கருத்துக்கணிப்புக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்கள் வந்தன. அதை வைத்து, ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் ஜெயிப்பார் என்றது. 48 மாநிலங்களில் 46-ஐ ரூஸ்வெல்ட் பிடித்தார். எத்தனை பேர் என்பதற்கு முன் யாரைக் கேட்டார்கள், யார் பதில் போட்டார்கள் என்று பார்க்க வேண்டும். அப்புறம், ஆதாரத்தில் 'சிலர்' என்று இருந்து முடிவில் 'எல்லோரும்' என்று வந்தால் அங்கேயே பென்சிலை நிறுத்துங்கள்.

இந்தக் கேள்விகள் வரும் வெர்பல் பகுதியில் 45 நிமிடத்தில் 23 கேள்விகள். நேரம் இறுக்கம்தான். ஆனாலும் பயிற்சியின் தொடக்கத்தில் கடிகாரம் வேண்டாம். ஒவ்வொரு தவறான விடையும் ஏன் தவறு என்று ஒரு வரி எழுதுங்கள். "சம்பந்தமில்லை" என்று மட்டும் எழுதினால் போதாது, முடிவின் எந்தச் சொல்லோடு பொருந்தவில்லை என்று எழுத வேண்டும். அது தடுமாறாமல் வர ஆரம்பித்த பிறகு நேரம் வைத்துப் பயிற்சி செய்யலாம்.